பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் ஓடலையா? சத்தத்த வச்சும் மெசேஜ வச்சும் கண்டுபிடிக்கிற வழி

மச்சுல பத்து இருவது வருசமா கெடந்த, எண்பதுகள்ல வந்த எக்ஸ்டி கம்ப்யூட்டரயோ தொண்ணூறுகள்ல ஓடுன 486ஐயோ கீழ எறக்குனவுடனே எல்லாரும் பண்ணுத மொத தப்பு, தூசியத் தட்டிட்டு நேரா பிளக்குல சொருகி சுவிட்சப் போடுறதுதான். நானும் அதத்தான் பண்ணேன். எங்க பெரியப்பா திருநெல்வேலி டவுன்ல சின்னதா ஒரு பிரஸ் வச்சிருந்தாவ, அவிய எக்ஸ்டில ஒரு 20 எம்பி டிரைவ், அதுல டிபேஸ்னு ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் போட்டு எங்க சொந்தக்காரங்க கல்யாணம் காதுகுத்து பூராத்துக்கும் மொய்க் கணக்கு ஏத்தி வச்சிருந்தாவ. அவிய தவறுனப்புறம் பெரியம்மை "ஏல, அந்த மொய் லிஸ்ட்ட மட்டும் எடுத்துக் குடுத்துரு, எவன் வீட்டுக்கு எவ்வளவு செய்யணும்னே தெரியல"ன்னு சொன்னாவ. நான் போயி சுவிட்சப் போட்டேன், ஓடல, ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஓடல, இப்படியே ஆறு தடவ. அந்த ஆறு தடவையில என்ன நாசம் பண்ணுனேன்னு பொறவுதான் தெரிஞ்சுது.

பழைய டிரைவுக்கு இன்னும் எத்தன ஸ்டார்ட் பாக்கி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் கையில இருக்க காசு மாதிரி, எதுக்குச் செலவழிக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டுதான் சுவிட்சத் தொடணும். அதனால கீழ சொல்லுத ஒவ்வொண்ணுலயும் பவர் இல்லாமப் பாக்க வேண்டியத மொதல்ல சொல்லுதேன், பவர் போட்டுப் பாக்கறது கடைசி.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு காரியம். மூடியக் கழட்டி எந்த கேபிள் எங்க போவுதுன்னு போன்ல போட்டோ எடுத்துருங்க. டிரைவ் மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கரயும் எடுங்க, அதுல சிலிண்டர், ஹெட், செக்டார் கணக்கும், எம்எஃப்எம் டிரைவா (எக்ஸ்டி காலத்து ரெண்டு கேபிள் டிரைவ்) இருந்தா பழுதான எடங்களோட டிஃபெக்ட் லிஸ்ட்டும் இருக்கும், அது கிழிஞ்சு போச்சுன்னா சள்ளதான். மூணாவது, போர்டுல பச்சையா இல்ல நீலமா பீப்பா மாதிரி ஒரு பேட்டரி இருந்தா அத வெட்டி எடுத்துருங்க, 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் அது, ஒழுகி போர்டயே தின்னுரும். ஒழுகுனது காரம், அதனால கொஞ்சம் வினிகர இல்ல எலுமிச்சச் சாறத் தொட்டுத் தொடச்சு, பொறவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் கழுவணும். தின்னர், பெட்ரோல் எல்லாம் வேண்டாம்.

டிரைவோட மூடியத் தொறக்கவே கூடாது. உள்ள படிக்கற ஹெட், டேட்டா இருக்க தட்டுக்கு மேல பறக்குற ஒசரம் தலமுடி கனத்துல நூறுல ஒரு பங்கு கூட இருக்காது. நம்மூர்ல ஆனி ஆடிக் காத்து அடிக்கும்போது தெசயன்விளைப் பக்கம் தேரி மண்ணு சோத்துலயே விழும், டிரைவுக்குள்ள விழாதா.

சுவிட்ச் போட்டா ஒண்ணுமே இல்ல, ஃபேன் கூட சுத்தல

இது பாதி நேரம் டிரைவ் கோளாறாகவே இருக்காது, பாதி நேரம் டிரைவ்தான் காரணமா இருக்கும். எப்படின்னா, அந்தக் கால டிரைவ் போர்டுல மஞ்சளாவோ நீலமாவோ புளியங்கொட்ட சைசுல டான்டலம் கெப்பாசிட்டர் இருக்கும், வருசக்கணக்குல சும்மா கெடந்தா அது ஷார்ட் ஆயிரும், ஷார்ட் ஆனவுடனே எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி) தன்னக் காப்பாத்திக்கிட ஆஃப் ஆயிரும், நீங்க எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு நெனச்சு புதுசு தேடி அலைவீங்க.

டிரைவோட நாலு பின் பவர் கனெக்டரக் கழட்டுங்க. மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு டிரைவ் பக்கத்துல, மஞ்ச வயர் வர்ற பின்னுக்கும் கருப்புக்கும் நடுவுல பாருங்க, பொறவு செவப்புக்கும் கருப்புக்கும். மஞ்ச 12 வோல்ட், மோட்டாருக்கு. செவப்பு 5 வோல்ட், எலக்ட்ரானிக்ஸுக்கு. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுச்சுன்னா கெப்பாசிட்டர் ஷார்ட். அத மாத்தும்போது அதே மைக்ரோஃபாரட்ல, வோல்ட் மட்டும் கூட உள்ளதா, 16 இருந்த எடத்துல 25 இல்லன்னா 35 போடுங்க. பிளஸ் பக்கம் பாத்துப் போடணும், மாத்திப் போட்டா பட்டாசு வெடிச்ச மாதிரி வெடிக்கும், சும்மா சொல்லல.

டிரைவக் கழட்டுனப்புறமும் ஃபேன் சுத்தலன்னா எஸ்எம்பிஎஸ்ஸப் பாருங்க. மூடிக்குள்ள நான் பாத்தது ஒரு தடவ செத்த பல்லி, ஒரு தடவ எறும்புப் புத்து. தொறக்கறதுக்கு முன்னாடி பிளக்க உருவிட்டு கொஞ்ச நேரம் விடுங்க, பெரிய கெப்பாசிட்டர்ல இருக்க கரண்ட் ஆளத் தூக்கி வீசிரும். பின்னாடி 115, 230ன்னு ஒரு செவப்பு சுவிட்ச் இருக்கும், வெளிநாட்டுல இருந்து வந்த மெஷின்னா அது 115ல இருக்கும், அப்படியே சொருகுனா சோலி முடிஞ்சுது.

இன்னொண்ணு, அந்தக் கால எஸ்எம்பிஎஸ் பலது, லோடு இல்லாம ஓடாது. வெறும் எஸ்எம்பிஎஸ்ஸ தனியா வச்சு டெஸ்ட் பண்ணி "போச்சு"ன்னு தூக்கிப் போடாதீங்க, ஆகாத டிரைவ் ஒண்ண லோடா மாட்டிப் பாருங்க. லோடோட இருக்கும்போது 12 வோல்ட் 11.4க்குக் கீழ எறங்கக் கூடாது, 5 வோல்ட் 4.75க்குக் கீழ எறங்கக் கூடாது.

ஃபேன் சுத்துது, டிரைவ் சுத்தல

எங்க பெரியப்பா மெஷின்ல வந்தது இதுதான். லைட் ஒரு தடவ மினுங்கும், ஒரு மெல்லிசா "ம்ம்ம்"னு ஒரு சத்தம், இல்லன்னா அதுவும் இல்ல, அப்புறம் அமைதி. இதுக்குப் பேரு ஸ்டிக்‌ஷன். பவர் இல்லாதப்போ ஹெட் தட்டு மேலயே உக்காந்திருக்கும், தட்டும் வழவழன்னு இருக்கும் ஹெட்டும் வழவழன்னு இருக்கும், நடுவுல லூப்ரிகண்ட் படலம், வருசக்கணக்குல ஈரக் காத்தும் சேந்தா ரெண்டும் ஒட்டிக்கிடும். ரெண்டு ஈரக் கண்ணாடித் துண்ட ஒண்ணு மேல ஒண்ணு வச்சு இழுத்துப் பாருங்க, அதான் கத. தென்காசி பக்கம் சாரல் அடிக்கற எடத்துல வச்சிருந்த டிரைவுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

மோட்டாருக்கு அந்தப் பிடிய விடுவிக்கிற அளவுக்கு பலம் பத்தாது. நான் ஆறு தடவ ஆன் ஆஃப் பண்ணுனது என்ன ஆச்சுன்னா, மோட்டார் ஒவ்வொரு தடவையும் இழுத்து இழுத்து சூடாயி, அதுக்கு கரண்ட் குடுக்கற டிரான்சிஸ்டரும் சூடாயி... நல்ல வேள, எரியல.

பண்ண வேண்டியது இது. மெஷின ஆஃப் பண்ணி டிரைவக் கழட்டி வெளிய எடுங்க. கையில படுக்க வச்சுப் பிடிச்சுக்கிட்டு, பம்பரத்துக்குச் சாட்டய உருவுத மாதிரி மணிக்கட்ட மட்டும் சடக்குனு ஒரு கால் சுத்து திருப்பி நிறுத்தணும். டிரைவ் திரும்பும், உள்ள தட்டு பின்தங்கும், அந்த இழுப்புல ஒட்டு விடும். மூணு நாலு தடவ பண்ணலாம். மேசையில தட்டக் கூடாது, ஸ்குரூ டிரைவர் பிடியால கொட்டக் கூடாது, சில பேரு கொட்டுனா ஓடும்பாவ, ஓடும், ஹெட்டும் பேந்து கூடவே ஓடும். கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்தா நல்லது, மே மாசம்னா நம்மூர்ல அதுக்குன்னு ஒண்ணும் பண்ண வேண்டாம், மத்த நேரத்துல ஹேர் டிரையர தூரமா வச்சு லேசா சூடு காட்டலாம்.

ஃப்ரீசர்ல வைக்கற வித்தை ஒண்ணு சொல்லுவாவ. வேண்டவே வேண்டாம். நம்ம ஊர்க் காத்துல ஃப்ரீசர்ல இருந்து எடுத்த அடுத்த நிமிசம் வேர்த்து ஒழுகும், டிரைவ் காத்துப் புகாத டப்பா இல்ல, மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை ஃபில்டரோட இருக்கும், உள்ளயும் வேர்க்கும்.

ஒரு தடவ சுத்த ஆரம்பிச்சிட்டுன்னா, ஆஃப் பண்ணாதீங்க. சாப்பாட்டுக்குப் போவணும்னாலும் அப்படியே விட்டுட்டுப் போங்க. டேட்டாவ எடுத்து முடிக்கற வரைக்கும் அதுதான் கடைசி ஸ்டார்ட்டுன்னு நெனச்சுக்கிடுங்க. கரண்ட் கட்டுக்கு யுபிஎஸ் இல்லாம இந்த வேலய ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

தொண்ணூறுகள்ல வந்த சில டிரைவ்ல இதே மாதிரி தோணுற வேற கோளாறு ஒண்ணு உண்டு. தட்டு நல்லா சுத்தும், ஆனா ஹெட் அசையாது. குவாண்டம் புரோடிரைவ் மாடல்ல ஹெட் போயி முட்டுற எடத்துல ரப்பர் வச்சிருப்பாங்க, அந்த ரப்பர் காலப்போக்குல அல்வா மாதிரி உருகி ஹெட்டப் பிடிச்சு வச்சுக்கிடும். அதுக்கு மூடியத் தொறந்துதான் ஆவணும். உள்ள இருக்க டேட்டா போனாலும் பரவால்லன்னா மட்டும் கை வைங்க, முக்கியமான டேட்டான்னா அதுக்குன்னே ஆள் இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க.

சுத்துது, ஆனா கீச்சுன்னு கத்துது

பாதிப் பேரு இதக் கேட்டவுடனே பேரிங் போச்சுன்னு பயந்துருவாங்க. 5.25 இஞ்ச் டிரைவா இருந்தா அடிப்பக்கம் போர்டத் திருப்பிப் பாருங்க, மோட்டார் தண்டு முனையில ஒரு மெல்லிசான தகடு, அதுல குட்டியா கார்பன் பொட்டு, தண்டத் தொட்டுக்கிட்டு நிக்கும். தட்டுல சேர்ற ஸ்டாட்டிக் கரண்ட தரைக்கு எறக்கத்தான் அது. அந்தப் பொட்டு தேஞ்சு ஒரு பக்கமாயிட்டுன்னா தகடு அதிர்ந்து விசில் அடிக்கும். ஆஃப் பண்ணிட்டு பொட்டத் தொடச்சு, தகட்டு மேல சின்ன ரப்பர்த் துண்டு ஒட்டுனா அதிர்வு அடங்கிரும். தகட்டப் பிச்சு எறியறவங்களும் இருக்காங்க, சத்தம் நிக்கும், ஸ்டாட்டிக் போக வழி இல்லாம ஹெட்டுக்கு வரும்.

சத்தம் கீச்சுன்னு இல்லாம கரகரன்னு, கிரைண்டர்ல கல்லு மாட்டுன மாதிரி இருந்தா அது வேற. உடனே ஆஃப்.

டக்... டக்... டக்னு ஒரே தாளத்துல அடிக்குது

ஹெட் தன் எடத்தத் தேடுது, கெடைக்கல, திரும்பத் தேடுது. எல்லாரும் டிரைவக் கை கழுவிருவாங்க, அதுக்கு முன்னாடி 12 வோல்ட்ட அளந்து பாருங்க. கனெக்டர் பின் தளர்ந்து போனாலோ எஸ்எம்பிஎஸ் தளந்து போனாலோ மோட்டார் முழு வேகத்துக்கு வராம மறுபடி மறுபடி முயற்சி பண்ணும், கேக்க அதே டக் டக்தான். வேற நல்ல எஸ்எம்பிஎஸ்ல ஒரு தடவ, ஒரே தடவ, போட்டுப் பாருங்க. அப்பவும் அடிச்சா நிறுத்திருங்க.

1701ன்னு வருது, இல்லன்னா எச்டிடி கண்ட்ரோலர் ஃபெயிலியர், சி டிரைவ் ஃபெயிலியர்

இதுல பத்துக்கு ஏழு தடவ டிரைவ் மேல தப்பு இருக்காதுங்கறது என் அனுபவம்.

286, அதுக்கு மேலன்னா மொத சந்தேகம் பேட்டரி. செட்டிங்க ஞாபகம் வச்சிருக்க சிப்புக்கு உள்ள சிமாஸ் பேட்டரி செத்தா டிரைவ் என்ன டைப்புங்கறத மெஷின் மறந்துரும். செட்டப்புக்குள்ள போயி ஸ்டிக்கர்ல இருக்க சிலிண்டர் ஹெட் செக்டார் கணக்கக் குடுங்க. ஏடி (286) மெஷின்ல டைப் டேபிள் ஒண்ணு இருக்கும், 615 சிலிண்டர் 4 ஹெட் உள்ள 20 எம்பி டிரைவுக்கு டைப் 2. சீகேட் எஸ்டி-225 அப்படித்தான், 17 செக்டார் வச்சுப் பெருக்குனா 2,14,11,840 பைட். பின்னாடி வந்த மெஷின்ல டைப் 47ன்னு ஒண்ணு இருக்கும், அதுல நாமளே கணக்கப் போட்டுக்கிடலாம். 486ல ஆட்டோ டிடெக்ட் இருந்தாலும் ஒண்ணு கவனிக்கணும், டிரைவ மொதல்ல எந்தக் கணக்குல பார்டிஷன் போட்டாங்களோ அதே கணக்குலதான் படிக்கணும், எல்பிஏங்கற வரிசை எண் கணக்குல போட்டத நார்மல் கணக்குல படிச்சா குப்பையா வரும். குப்பையா வருதேன்னு ஃபார்மேட் பண்ணிராதீங்க, நல்ல டேட்டாவ நம்ம கையாலயே கொன்னுருவோம்.

சில போர்டுல பேட்டரியே தெரியாது, டாலஸ்னு எழுதி கருப்பா ஒரு கட்டி இருக்கும், அதுக்குள்ளதான் பேட்டரி. பத்து வருசம்தான் கணக்கு. புதுசு போடணும், இல்லன்னா கட்டியக் கீறி வெளிய பேட்டரி கட்டணும்.

அடுத்து கேபிள். எக்ஸ்டி காலத்து டிரைவுக்கு ரெண்டு கேபிள், 34 வயரும் 20 வயரும். ஃபிளாப்பி கேபிளும் 34 வயர்தான், அதையும் இதையும் மாத்தி மாட்டி மண்டையப் பிச்சுக்கிட்டவங்க ஏராளம். முறுக்கு எங்க இருக்குன்னு பாருங்க, ஃபிளாப்பி கேபிள்ல 10ல இருந்து 16 வரைக்கும், ஹார்ட் டிஸ்க் கேபிள்ல 25ல இருந்து 29 வரைக்கும். முறுக்குன கேபிள்னா ஜம்பர் (டிரைவ் போர்டுல பின்னுல மாட்டுற குட்டி மூடி) ரெண்டாவது டிரைவ்னு இருக்கணும், நேர் கேபிள்னா மொத டிரைவ்னு. கடைசி டிரைவ்ல டெர்மினேட்டர் ரெசிஸ்டர் இருக்கணும், சீப்பு மாதிரி சொருகியிருக்கும். விரல் மாதிரி தங்கப் பட்டை போட்ட அந்தக் கனெக்டர பென்சில் அழிரப்பர் வச்சு மெதுவாத் தேச்சு, தூள ஊதிட்டு மாட்டுங்க, பாதிப் பிரச்சன அதுலயே தீரும். கேக்க நாட்டு வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனா நான் இன்னைக்கும் மொதல்ல பண்ணுதது அதத்தான்.

பின்னாடி வந்த ஐடிஇ டிரைவ்னா 40 பின். லைட் ஆன் ஆயி அணையவே இல்லன்னா கேபிள் தலைகீழா மாட்டியிருக்கு, செவப்புக் கோடு 1ஆம் பின் பக்கம் வரணும். ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவ் மாட்டுனா எது மொதல், எது ரெண்டாவதுன்னு சொல்லுத மாஸ்டர் ஸ்லேவ் ஜம்பரப் பாருங்க. பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் டிரைவ்ல மாஸ்டருக்கும், தனியா இருக்கறதுக்கும் வேற வேற ஜம்பர், தனியா இருக்க டிரைவ மாஸ்டர்னு வச்சா வராத ஸ்லேவுக்காகக் காத்துக்கிட்டே நிக்கும். எலி கடிச்ச கேபிளப் பாத்தா தெரியாது, நுனியில ஒரு வயர் மட்டும் போயிருக்கும், சந்தேகம்னா வேற கேபிள் போடுங்க.

எம்எஃப்எம் டிரைவுக்கு இன்னொரு விதி, டிரைவும் கண்ட்ரோலர் கார்டும் புருசன் பொண்டாட்டி மாதிரி. ஒரு கார்டுல ஃபார்மேட் பண்ணுனத வேற கம்பெனி கார்டு பெரும்பாலும் படிக்காது. பழைய இரும்புக் கடையில டிரைவ் வாங்கும்போது கார்டயும் சேத்துக் கேட்டு வாங்குங்க, தனி டிரைவ் வாங்கிட்டு வந்தா உள்ள இருக்கறது கெடைக்கும்னு எண்ணாதீங்க.

பூட் ஆகற மாதிரி வந்து நின்னுருது

நான்-சிஸ்டம் டிஸ்க்னு வந்தா மொதல்ல ஃபிளாப்பி டிரைவ்ல ஏதாவது கெடக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க. இல்லன்னா சிஸ்டம் ஃபைல் போயிருக்கு, அதே டாஸ் வெர்சன் ஃபிளாப்பில பூட் பண்ணி சிஸ் சி:ன்னு கமாண்ட் குடுங்க. நோ ரோம் பேசிக்னு வந்தா பார்டிஷன் ஆக்டிவ் ஆகல, எஃப்டிஸ்க்ங்கற பார்டிஷன் புரோகிராம்ல போயி ஆக்டிவ் ஆக்குங்க.

எஃப்டிஸ்க் /எம்பிஆர்னு ஒரு கமாண்ட, டிஸ்க்கோட மொத செக்டார்ல (எம்பிஆர்) இருக்க பூட் கோட திரும்ப எழுதுறத, எல்லாரும் சர்வரோக நிவாரணி மாதிரி சொல்லுவாவ. அத அடிக்கறதுக்கு முன்னாடி கிளீனான ஃபிளாப்பில பூட் பண்ணி டிர் சி: அடிச்சுப் பாருங்க. ஃபைல் தெரிஞ்சா தைரியமா அடிக்கலாம். ஹார்ட் டிஸ்க்ல பூட் ஆகும்போது ஃபைல் தெரிஞ்சு, ஃபிளாப்பில பூட் பண்ணா இன்வேலிட் டிரைவ்னு வந்தா, கைய எடுத்துருங்க. ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, மங்கின்னு ஒரு பூட் செக்டார் வைரஸ் இருந்துச்சு, அது பார்டிஷன் டேபிள மாத்தி ஒளிச்சு வச்சுக்கிட்டு, தான் மெமரில இருக்கற வரைக்கும்தான் டிரைவக் காட்டும், எம்பிஆர எழுதுனா வைரஸோட டேபிளும் போச்சு. இன்னொண்ணு, 504 எம்பிக்கு மேல தெரியாத பழைய பயாஸுக்காக (மெஷின் போர்டுலயே இருக்க ஆரம்ப புரோகிராம்) ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் மாதிரி ஒண்ணப் போட்டு வச்சிருப்பாங்க, அதுவும் அதே எடத்துலதான் உக்காந்திருக்கும். பூட் ஆகும்போது ஃபிளாப்பில பூட் பண்ண ஸ்பேஸ் பாரத் தட்டுன்னு ஒரு வரி வந்தா அதுதான். அதுக்கப்புறம் ஃபிளாப்பியப் போட்டு ஸ்பேஸ் பார் தட்டுனா எல்லாம் தெரியும்.

காலையில எரர், அரை மணி நேரம் கழிச்சு ஓடுது

செக்டார் நாட் ஃபவுண்ட், டேட்டா எரர் ரீடிங் டிரைவ் சி, அபார்ட் ரீட்ரை ஃபெயில். கொஞ்சம் சூடாயிட்டா தானா சரியாயிருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச கோளாறு இது, ஏன்னா காரணம் புரிஞ்சா அழகா இருக்கும்.

அந்தக் கால மலிவு டிரைவ்ல ஹெட்ட நகத்தறது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு ஸ்டெப், ஒரு டிராக். ஹெட் சரியா டிராக் நடுவுலதான் நிக்குதான்னு அதுக்குத் தெரியாது, கண்ண மூடிக்கிட்டு படி ஏறுத மாதிரி, எண்ணிக்கிட்டு போயி நிக்கும், அவ்வளவுதான். பின்னாடி வந்த வாய்ஸ் காயில் டிரைவ் அப்படி இல்ல, தட்டுலயே எழுதி வச்ச குறியப் பாத்து தன்னத் திருத்திக்கிடும். ஸ்டெப்பர் டிரைவ்ல டிராக் எங்க இருக்குன்னா, லோ லெவல் ஃபார்மேட் (தட்டுல டிராக்கயும் செக்டாரயும் வரையறது) பண்ணுன அன்னைக்கு ஹெட் எங்க நின்னுச்சோ அங்க. தட்டும் உலோகம், கையும் உலோகம், சூட்டுல விரியும் குளிர்ல சுருங்கும். அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ஃபார்மேட் பண்ணுன டிரைவ மார்கழி விடிகாலையில போட்டா ஹெட் டிராக் ஓரத்துல நின்னு தடவிக்கிட்டு கெடக்கும். வயசாக ஆக எல்லாம் இன்னும் கொஞ்சம் நகரும்.

உடனே பண்ண வேண்டியது, அரை மணி நேரம் சும்மா ஓட விட்டுட்டு பொறவு படிக்கறது. ரீட்ரை, ரீட்ரைன்னு ஆர் கீயத் தட்டிக்கிட்டே இருக்கறதும் வேல செய்யும், பெரியப்பா டிரைவ்ல ஒரு ஃபைல நாப்பது தடவ ஆர் தட்டி எடுத்தேன். மெஷின செங்குத்தா வச்சு ஃபார்மேட் பண்ணியிருந்தா செங்குத்தா வச்சே படிங்க, படுக்க வச்சா ஈர்ப்பு வேற பக்கம் இழுக்கும்.

நிரந்தர வைத்தியம் லோ லெவல் ஃபார்மேட். டாஸ்ல அடிக்கற ஃபார்மேட் வேற, அது செக்டாரோட தலைப்ப மாத்தி எழுதறதே இல்ல, அந்தத் தலைப்புதான் மங்கிப் போயிருக்கு. டேட்டா பூராத்தையும் எடுத்து, எடுத்தத வேற எடத்துல தொறந்து பாத்து உறுதி பண்ணிக்கிட்டு, டிரைவ மெஷின்ல மாட்டி எந்த வாட்டத்துல ஓடப் போவுதோ அதே வாட்டத்துல அரை மணி நேரம் சூடாக்கி, பொறவு டாஸ்ல இருக்க டிபக் புரோகிராம்ல போயி ஜி=சி800:5ன்னு அடிங்க. நெறைய எக்ஸ்டி கார்டுக்கு இதுதான், சில கார்டுக்கு அட்ரஸ் மாறும். ஸ்டிக்கர்ல இருக்க டிஃபெக்ட் லிஸ்ட்ட அப்ப கேக்கும், குடுங்க. அப்புறம் எஃப்டிஸ்க், ஃபார்மேட். ஃபேன் போட்டு ஏசி போட்டு குளுகுளுன்னு வச்சு இத பண்ணாதீங்க, அந்த ரூம் சாதாரணமா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும்.

ஐடிஇ டிரைவுக்கு இதப் பண்ணவே கூடாது. 386, 486 பயாஸ் சிலதுல லோ லெவல் ஃபார்மேட்னு மெனுவே இருக்கும், கை பரபரக்கும், தொடாதீங்க. ஃபேக்டரில போட்டதோட சரி.

ஓடுது, ஆனா ஆமை மாதிரி

ஃபார்மேட் பண்ணும்போது இன்டர்லீவ் (அடுத்த எண் செக்டார எத்தன எடம் தள்ளி வைக்கணும்ங்கற கணக்கு) தப்பாக் குடுத்திருப்பீங்க. தட்டு 3600 ஆர்பிஎம், ஒரு சுத்துக்கு 16.7 மில்லி செகண்ட். ஒரு செக்டாரப் படிச்சு முடிச்சு பிராசசர் தயாராகறதுக்குள்ள அடுத்த செக்டார் கடந்து போயிட்டுன்னா, அது மறுபடி வர்ற வரைக்கும் ஒரு முழுச் சுத்து காத்திருக்கணும். பாபநாசம் பஸ்ஸ ஒரு நிமிசத்துல விட்டவன் நெலமைதான். ஐபிஎம் எக்ஸ்டில 6, ஏடில 3ன்னு வச்சிருந்தாங்க. 1ன்னு குடுத்தா வேகமா இருக்கும்னு நெனச்சு எக்ஸ்டில குடுத்தா இப்படித்தான்.

வெள்ளத்துல முங்குனது

2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழையில தாமிரபரணித் தண்ணி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறுனப்போ ஒரு கூட்டாளி கடையில ரெண்டு பழைய மெஷின் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள. அவன் வெயில்ல காய வச்சுட்டு சுவிட்சப் போட்டான். அந்த மூச்சு ஓட்டை வழியா தண்ணி உள்ள போயிருந்துச்சு, காஞ்சப்புறம் வண்டல் தட்டுலயே ஒட்டிருச்சு, ஹெட் அதுல உரசிருச்சு. முங்குன டிரைவுல டேட்டா முக்கியம்னா காய வைக்காம, ஈரமாவே பாலிதீன் கவர்ல போட்டு மூடி டேட்டா ரெக்கவரிக்காரங்ககிட்ட சேக்கணும். பவர் மட்டும் போடவே கூடாது.

சுத்த ஆரம்பிச்சாச்சு, டேட்டாவ எப்படி எடுக்க

எக்ஸ்டில இருந்து 360 கேபி ஃபிளாப்பில எடுத்தா 20 எம்பிக்கு கிட்டத்தட்ட 60 ஃபிளாப்பி ஆவும். அதுக்கு சீரியல் கேபிள் மேல். டாஸ் 6ல இன்டர்லிங்க், இன்டர்சர்வர்னு ரெண்டு ஃபைல் வரும், ரெண்டு மெஷினுக்கும் நடுவுல நல் மோடம் கேபிள் போட்டா இந்த மெஷின் டிரைவ் அந்த மெஷின்ல தெரியும். அரை மணி நேரத்துக்கு மேலயே ஆவும், இருக்கட்டும். கேபிள மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, பழைய வீட்டுல எர்த் இருக்காது, கேபினட்டத் தொட்டா சுருக்குனு இழுக்கும், ரெண்டு மெஷினும் அப்படி மெதந்துக்கிட்டு இருக்கும்போது கேபிளச் சொருகுனா சீரியல் போர்ட்டு போயிரும். ரெண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டுல மாட்டி, ஆஃப்ல இருக்கும்போதே கேபிளப் போட்டுக்கிடுங்க.

ஐடிஇ டிரைவ்னா யூஎஸ்பி அடாப்டர் வாங்கி ஏமாறாதீங்க, ரொம்பப் பழசு எல்பிஏ தெரியாதது, நெறைய அடாப்டர் அத டிரைவாவே மதிக்காது. ஐடிஇ போர்ட்டு உள்ள பென்டியம் ஒண்ணு தேடி, லினக்ஸ் போட்டு, டிஸ்க்க அப்படியே ஒரு இமேஜ் ஃபைலா காப்பி எடுக்கற டிடிரெஸ்க்யூ புரோகிராம ஓட விடுங்க. அது மொதல்ல நல்லா படிக்கற எடத்த எல்லாம் அள்ளிட்டு, பொறவுதான் கெட்ட எடத்துக்குத் திரும்பி வரும். ஸ்கேன்டிஸ்க், செக்டிஸ்க் எல்லாம் அந்த இமேஜ எடுத்ததுக்கு அப்புறம்.

அதுக்கப்புறம் தெனமும் ஓட்டறதுக்கு காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டும் ஐடிஇ அடாப்டரும் போட்டுக்கிடுங்க, எக்ஸ்டின்னா எக்ஸ்டி-ஐடிஇ கார்டு. பழைய பயாஸுக்கு 504 எம்பிக்குள்ள, டாஸ் ஃபேட்16க்கு ஒரு பார்டிஷன் 2 ஜிபிக்குள்ள. புதுக் கார்டு பூட் ஆகலன்னா எஃப்டிஸ்க் /எம்பிஆர், இங்கதான் அது நல்ல பிள்ள.

நேத்து ஓடுச்சு, தூக்கிட்டு வந்தப்புறம் ஓடல

ஸ்டெப்பர் டிரைவ் பெரும்பாலும் தானா பார்க் ஆகாது, அதாவது ஹெட்ட டேட்டா இல்லாத எடத்துல கொண்டு போயி நிறுத்தாது. ஆஃப் பண்ணா ஹெட் எந்த டிராக்ல நிக்குதோ அங்கயே, டேட்டா மேலயே எறங்கிரும். அப்படியே பஸ்ல மடியில வச்சுக்கிட்டு அம்பைல இருந்து டவுன் வரைக்கும் வந்தா ஒவ்வொரு பள்ளத்துலயும் ஹெட் தட்டுல ஒரு கொத்து கொத்தும். பார்க், ஷிப்டிஸ்க்னு சின்ன புரோகிராம் உண்டு, அத ஓட்டிட்டு, அப்புறம் வேற எந்தக் கமாண்டும் அடிக்காம நேரா பவர ஆஃப் பண்ணணும். டிர் அடிச்சாக்கூட ஹெட் கெளம்பி வந்துரும்.

பெரியப்பா டிரைவ நான் கடைசியா பார்க் பண்ணுனது மொய் லிஸ்ட்ட எடுத்து முடிச்ச அன்னைக்கு. அச்சடிச்சு பெரியம்மைகிட்ட குடுத்தேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு விரல வச்சு ஒவ்வொரு வரியா பாத்துட்டு "கல்லிடைக்குறிச்சி அத்தைக்கு நாம இன்னும் திருப்பிச் செய்யலல்லா"ன்னு சொன்னாவ. வர்ற தை மாசம் அங்க ஒரு கல்யாணம் இருக்கு.